முத்தட்டும் என்று காத்திருந்தவர்கள்

அறுவைச் சிகிச்சை வார்டிலிருந்து அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது மதியம் பன்னிரண்டரை மணி. இடது கால் பெருவிரலை எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அட்டெண்டர் எங்கிருந்தோ கொண்டு வந்த மருந்து அட்டைப்பெட்டியின் மேல் கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு, சீட்டுகளும் சுகர் நோட்டும் திணித்த மஞ்சள் பையை மடியில் இறுகப் பிடித்திருந்தார். அவரைக் கண் பிரிவுக்கு அனுப்பியவர் ஒரு பயிற்சி மருத்துவர். காலையில் வார்டைச் சுற்றி வந்தபோது, கட்டிலோரத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை அந்த அம்மா இரண்டு மூன்று முறை தடவித் தேடி எடுத்ததைக் கவனித்து, சீட்டின் மூலையில் 'கண் பார்க்கவும்' என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு சொற்களுக்காக அந்த இளம் மருத்துவருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

"எனக்குக் கண்ணுக்கு ஒன்னும் இல்ல தம்பி. கால்தான் இப்படி ஆயிருச்சு. எதுக்கு இங்க கொண்டாந்தாகன்னு தெரியல" என்றார்.

தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் 22 ஆண்டுகளாக நான் கண் மருத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். பார்வை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, கண் அழுத்தம் பார்ப்பது, விழித்திரையைப் படம் எடுப்பது எல்லாம் என் வேலை. "கண்ணுக்கு ஒன்னும் இல்ல" என்ற அந்த வாக்கியத்தை வாரத்துக்குப் பத்துப் பேரிடமாவது கேட்கிறேன். சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே எதுவும் தெரிவதில்லை; வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிவதில்லை.

அந்த அம்மா நாற்பது வருடமாகப் பூக்கட்டுகிறவர். நாரைக் கட்டைவிரலில் சுற்றி, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு காம்போடு காம்பு சேர வைத்து, நாரைச் சுண்டி இறுக்குவதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வார். முழம் போடுவதும் கை அளவுதான். வெளிச்சம் வருமுன் சந்தையில் பூ வாங்கி, பேருந்து நிலைய வாசலில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே கட்டிக்கொண்டிருப்பவருக்கு, ஒரு கண்ணின் பார்வை மெல்லப் போவது தெரிய வழியே இல்லை. ஒரு கண் விட்டதை மறு கண் பார்த்துக்கொள்கிறது. தையல் வேலை செய்கிறவர்களோ, தறியில் இழை பிணைக்கிறவர்களோ ஓரளவு முன்னதாக வந்துவிடுகிறார்கள் என்பது நான் கவனித்த ஒன்று. விரல்களால் பிழைப்பவர்கள் எல்லோருக்கும் பின்னால் வருகிறார்கள்.

இடது கண்ணை அட்டையால் மறைத்து, எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். சிறிது நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "லைட்ட அமத்திட்டீகளா தம்பி?" என்று கேட்டார்.

அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சன்னலும் திறந்திருந்தது. அட்டையை எடுத்ததும் வெளிச்சம் திரும்பி வந்தது. மறுபடியும் மறைத்ததும் இருட்டு. மூன்றாவது முறை நான் கேட்காமலே அவர் தன் உள்ளங்கையை எடுத்து இடது கண்ணின் மேல் வைத்துப் பார்த்தார். வலது கண் போய்விட்டது என்பதை அவர் அறிந்துகொண்டது அந்த நாற்காலியில், அந்த நிமிடத்தில்தான். அழவில்லை. "எப்போருந்து?" என்று என்னைக் கேட்டார். அது எனக்கும் தெரியாது.

அவருடைய சுகர் நோட்டை நான் புரட்டிப் பார்த்தேன். பதினான்கு வருடச் சர்க்கரை; அது மூன்றாவது நோட்டு. மாதா மாதம் தேதி, வெறும் வயிற்று அளவு, சாப்பிட்ட பின் அளவு, இரத்த அழுத்தம், மாத்திரை எத்தனை என்று நீல மையில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கணக்குப் போட்டால், இந்த வளாகத்துக்குள் அவர் நூற்றறுபது முறைக்கு மேல் வந்து போயிருக்கிறார். சர்க்கரை நோய்ப் பிரிவுக்கும் எங்கள் கண் பிரிவுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேப்ப மரமும் சைக்கிள் நிறுத்துமிடமும்தான். அந்த இடைவெளியை அவர் ஒரு முறைகூடக் கடக்கவில்லை. யாரும் அவரைக் கடக்கச் சொல்லவும் இல்லை.

சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்திருந்தபோது அவரே பேச்சை எடுத்தார். "கொஞ்ச நாளாவே ஒரு மங்கல் இருந்துச்சு தம்பி. புரை விழுகுதுன்னு நெனச்சேன். எங்க மாமியாருக்கும் அப்படித்தான் இருந்துச்சு. முத்தட்டும், முகாம் போடுறப்போ எடுத்துக்கிரலாம்னு இருந்தேன்."

'முத்தட்டும்' என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் நான் எழுத வந்தேன்.

அது அறியாமையில் பிறந்த சொல் இல்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்ன அறிவுரை அது. கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் வழக்கம் பரவுவதற்கு முன்னால், புரையை முழு வில்லையோடு எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்பிய நாட்களில், பார்வை நன்றாகக் குறைந்த பிறகு அறுவை செய்துகொள்வதுதான் நோயாளிக்கு லாபம். அதனால் "இன்னும் முத்தலை, போயிட்டு அடுத்த வருசம் வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு நம் ஊர்ப் பக்கம் நடந்தது ஒரு பெரிய காரியம். 1976-இல், பணி ஓய்வு பெற்ற பிறகு, டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் முகாம் போட்டு, பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டு வந்து விட்டார்கள். 1992-இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் வில்லையைக் குறைந்த விலைக்கு இங்கேயே செய்தார்கள். அரசு மருத்துவமனைகளும் மாவட்டம்தோறும் இந்த வேலையைச் செய்தன. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டி முகாம் பேருந்திலிருந்து இறங்கி, பேரனின் முகத்தைப் பார்த்து அடையாளம் சொன்னதைக் கண்டு வளர்ந்த தலைமுறைகள் இவை. என் தலைமுறையும் அதில் ஒன்று.

அந்த வெற்றி நம் மக்களின் மனத்தில் ஒரு பாடத்தை ஆழமாக எழுதிவிட்டது. கண் மங்கினால் அது புரை; புரை என்றால் அவசரமில்லை; எப்போது எடுத்தாலும் பார்வை திரும்பி வரும். புரையைப் பொறுத்தவரை இதில் பெரிய தவறில்லை. சர்க்கரையால் வரும் விழித்திரை நோய்க்கு இதில் ஒவ்வொன்றும் தவறு. அது மங்கலாகத் தெரிவதற்கு முன்பே பல வருடம் உள்ளே நடந்துகொண்டிருக்கும். தெரிய வரும்போது அவசரம். போன பார்வையில் பெரும்பகுதி திரும்பி வராது. புரையில் கற்ற பொறுமையை இங்கே கொண்டு வருகிறவர்கள், மிகவும் நம்பிக்கையோடு, மிகவும் அமைதியாகக் கண்ணை இழக்கிறார்கள்.

என் பெரியப்பா அப்படி இழந்தவர். அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எழுத்து மங்குகிறது என்றதும் வீட்டில் எல்லோரும் புரை என்றே முடிவு செய்தார்கள். புரையும் கொஞ்சம் இருந்தது. அதை எடுத்தார்கள். பார்வை வரவில்லை. "டாக்டர் கெடுத்துட்டாரு" என்று ஊரெல்லாம் பேச்சு. அப்போது நான் இந்தப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். விடுமுறையில் வந்தபோது, நான் படித்த இடத்துக்கே அவரைக் கூட்டிப் போனேன். வில்லை பளிச்சென்று சரியாக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால், விழித்திரையின் மையம் முழுவதும் மஞ்சள் படிவு படிந்து வீங்கிக் கிடந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பயனில்லை, உள்ளே படச்சுருள் கெட்டிருக்கிறது என்று எங்கள் ஆசிரியர் விளக்கியதை நான் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இத மொதல்லயே பாத்திருந்தா?"

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நோயாளிகளுக்கு இதைச் சொல்ல எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. விழித்திரை மெல்லிய ஒரு சவ்வு; உடலிலேயே அதிகமாக ஆக்சிஜன் கேட்கும் திசுக்களில் ஒன்று. அதற்கு உணவு கொண்டு வரும் நுண் இரத்தக் குழாய்களின் சுவரை, நீண்ட நாள் கூடியிருக்கும் சர்க்கரை பலவீனமாக்குகிறது. சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் சாகின்றன. அங்கங்கே குழாய் குமிழ் போலப் புடைக்கிறது. படத்தில் சிவப்பு ஊசிப் புள்ளிகளாகத் தெரிவது அதுதான். புடைத்த இடத்திலிருந்து நீரும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு ஓரத்தில் இருக்கும்வரை நோயாளிக்கு எதுவும் தெரியாது. எழுத்தையும் முகத்தையும் பார்க்க உதவும் நடுப்பகுதியில் கசிந்தால் அந்த இடம் வீங்கிப் பார்வை மங்கும். இது ஒரு வழி.

மற்ற வழி இன்னும் கொடியது. கசிவதோடு நிற்காமல் நுண் குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, புதிய குழாய்கள் வேண்டும் என்று ஒரு வேதிப்பொருளைச் சுரந்து கேட்கிறது. அப்படி முளைக்கும் குழாய்கள் வலுவற்றவை; கண்ணின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் கூழின் மேல் கொடி போலப் படர்ந்து, ஒரு நாள் இருமலிலோ தூக்கத்திலோகூட உடைந்து இரத்தம் கொட்டுகின்றன. "ஒட்டடை தொங்குற மாதிரி இருக்கு", "மையக் கொட்டுன மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டு ஓடி வருவது அப்போதுதான். அதையும் விட்டால், கொடியோடு சேர்ந்து வளரும் தழும்புத் திசு சுருங்கி, விழித்திரையையே அதன் படுகையிலிருந்து இழுத்துப் பெயர்த்துவிடும். பூக்கட்டும் அம்மாவின் வலது கண்ணில் நடந்திருந்தது இதுதான். விழித்திரை மருத்துவர் அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, இடது கண்ணில் புதிய குழாய்கள் இப்போதுதான் கிளைவிடத் தொடங்கியிருக்கின்றன, நடுப்பகுதி இன்னும் தப்பித்திருக்கிறது என்றார். அன்று நாங்கள் கேட்ட ஒரே நல்ல செய்தி அது.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்பவர்களுக்கு, சென்னையிலிருந்தே இரண்டு கணக்குகள் உண்டு. 1996-இல் வெளியான ஒரு கணக்கில், சர்க்கரை நோய் மையம் ஒன்றுக்குச் சிகிச்சைக்காக வந்த 6,792 பேரைப் பார்த்ததில் 34.1 சதவீதத்தினருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. 2005-இல் வெளியான இன்னொரு ஆய்வு, மருத்துவமனைக்கு வருகிறவர்களை விட்டுவிட்டுச் சென்னை நகர மக்களிடையே நடத்தப்பட்டது; சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் என்றது அது. ஒன்றுக்கொன்று இரு மடங்கு வேறுபாடு இருப்பதைப் பார்த்து ஏதோ ஒன்று பொய் என்று நினைத்துவிடக் கூடாது. நெடுநாள் நோயும் வேறு சிக்கல்களும் உள்ளவர்கள்தான் மருத்துவமனை வாசலில் வந்து கூடுகிறார்கள். அதனால் ஊர்க் கணக்கு திட்டமிடுகிறவர்களுக்கு; எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த மூன்றில் ஒன்று என்ற கணக்கே பொருந்தும். இரண்டாவது ஆய்வில் என்னை இன்னும் உறுத்துவது வேறோர் எண். அந்த ஆய்வின்போதுதான் முதன்முதலாகச் சர்க்கரை இருப்பது தெரிய வந்தவர்களிலேயே 5.1 சதவீதத்தினருக்கு விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருந்தது. "இப்பதான சார் சுகர் வந்திருக்கு" என்பவர்களுக்கும் அன்றைக்கே கண் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு. இத்தனை பேரையும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரை மருத்துவர் பார்ப்பதென்பது நடக்காத காரியம். நடக்கக்கூடியது எது என்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், வேப்ப மரத்தைக் கடப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

மாத்திரை வாங்க வருகிறவர் காலை ஆறு மணிப் பேருந்தில் வெறும் வயிற்றோடு வருகிறார். இரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, மறுபடியும் இரத்தம் கொடுத்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து வரிசையில் நின்று முடிக்கும்போது பதினொன்றரை, பன்னிரண்டு. அதற்குப் பின் கண் பிரிவுக்கு வந்தால் ஓபி சீட்டு முடிந்திருக்கும். இன்னொரு நாள் வரச் சொல்கிறோம். வந்தால், சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிய அரை மணி நேரம். அதன்பின் நான்கைந்து மணி நேரத்துக்குக் கண் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது, வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவர் வர வேண்டும். ஆக, இரண்டு பேருடைய ஒரு நாள் கூலி. "கண்ணு நல்லாத் தெரியுற" ஒருவர், எதற்காக அதை இழக்க வேண்டும்? நான் அவர் நிலையில் இருந்தால் இழந்திருப்பேனா என்று எனக்கு நானே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் தாண்டி வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களே, அடுத்தவர்களை வரவிடாமல் செய்வதும் உண்டு. லேசர் சிகிச்சையில், விழித்திரையின் ஓரப்பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு புள்ளிகளைச் சுடுகிறார்கள். ஓரத்தின் பசியைத் தணித்து, நடுவைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். புதிய குழாய்கள் முளைத்த கண்களில் இது கடும் பார்வை இழப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 1976-லேயே காட்டிவிட்டது. ஆனால் லேசர் வைத்தவருக்கு மறுநாள் பார்வை கூடியிருக்காது. சிலருக்கு இருட்டில் பார்ப்பது கொஞ்சம் குறையும். புரை எடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் படித்துக் காட்டியதைப் பார்த்த குடும்பம், லேசர் வைத்தவரையும் அந்தக் கடிகாரத்துக்கு முன்னால்தான் நிறுத்துகிறது. "லேசர் வச்சும் ஒன்னும் வரலை" என்ற சொல் ஊரில் பரவ ஒரு கல்யாண வீடு போதும். போகவிருந்த பார்வை போகாமல் நின்றது என்பதை யாரால் காட்ட முடியும்?

ஊசி மருந்துகள் வந்த பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. கண்ணுக்குள் போடும் இந்த ஊசி, புதிய குழாய்களை அழைக்கும் அந்த வேதிப்பொருளைத் தடுக்கிறது. நடுப்பகுதி வீங்கியவர்களில் பலருக்கு இழந்த பார்வையில் ஒரு பங்கு திரும்பவும் வருகிறது. குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப் மருந்தைச் சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவதால்தான் ஏழை நோயாளிகளுக்கு இது எட்டுகிறது. ஆனால் ஒரு ஊசியோடு முடியாது. தொடக்கத்தில் மாதா மாதம் வர வேண்டும். இரண்டாவது ஊசியில் கொஞ்சம் தெளிவு வந்ததும் மூன்றாவதுக்கு வராமல் போகிறவர்களின் பட்டியல் ஒன்று என் மேசையில் எப்போதும் இருக்கும். மதிய வேளையில் அவர்களுக்கு ஃபோன் செய்வதும் என் வேலைதான்.

இன்சுலினைப் பற்றிய ஒரு பேச்சையும் இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "இன்சுலின் போட ஆரம்பிச்ச பிறகுதான் கண்ணு போச்சு" என்று சிலர் சொல்வதை நாங்கள் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறோம். முழுவதும் தள்ளிவிட முடியாது. பல வருடம் கட்டுக்கடங்காமல் இருந்த சர்க்கரையைச் சில மாதங்களுக்குள் வேகமாக இறக்கும்போது, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட விழித்திரை சிலருக்குத் தற்காலிகமாக மோசமாவது உண்மை. ஆனால் அதே இன்சுலினை ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்களுக்கு வருடக் கணக்கில் கிடைக்கும் லாபம் அதைவிட மிகப் பெரியது. 1993-இல் வெளியான ஆய்வொன்றில், இன்சுலினையே நம்பி வாழும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளில், அதுவரை கண் பாதிக்கப்படாதவர்கள் சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியதால் விழித்திரை நோய் வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. ஆகவே செய்ய வேண்டியது, இன்சுலினைத் தொடங்கும் முன் ஒரு முறை கண்ணைப் பார்த்துவிடுவது. கண் கெட்டிருந்தால் அடுத்த சில மாதங்களுக்கு அடிக்கடி பார்ப்பது. கருவுற்ற பெண்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. முன்பே சர்க்கரை உள்ளவர் கர்ப்பமானால் விழித்திரை நோய் வேகம் பிடிக்கும், முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும். நோயாளியின் அனுபவத்தைப் பொய் என்று சொல்லி அனுப்பினால், அவர் இன்சுலினையும் விட்டுவிடுவார், எங்களையும் விட்டுவிடுவார்.

இனி, நடக்கக்கூடியதைப் பற்றி. கண்மணியை விரிக்காமலே விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராக்கள் இப்போது உள்ளன. அந்தப் படத்தைப் பார்த்து நோய் இருக்கிறதா என்று சொல்லும் கணினி நிரலும் வந்துவிட்டது. கூகுள் நிறுவனம் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு பயிற்சி கொடுத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் இருந்தன. நம் மக்களின் கண்களும் கற்றுக்கொடுத்த கருவி அது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் கருவி சொல்லும் "அனுப்பவும்" என்ற முடிவுக்குப் பேருந்துக் கட்டணம் கிடையாது, துணைக்கு வர ஆள் கிடையாது. புரை அடர்ந்த கண்களில் படமே தெளிவாக விழாது. அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். இங்கிலாந்தில் 2003-இல் தொடங்கி, 2008-க்குள் நாடு முழுவதும் சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறை கடிதம் அனுப்பி, அழைத்துப் படம் எடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே, உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்கு முதற்காரணமாக ஐம்பது ஆண்டுகளாக அங்கே இருந்து வந்த சர்க்கரை விழித்திரை நோய், அந்த இடத்திலிருந்து கீழே இறங்கியது. அங்கே பெரும் வேலையைச் செய்தது பெயர்ப் பட்டியலும் அழைப்புக் கடிதமும்தான் என்று நான் நம்புகிறேன்.

எங்களிடம் அப்படிப் பட்டியல் இல்லை. ஆனால் சுகர் நோட்டு இருக்கிறது. பூக்கட்டும் அம்மாவின் மூன்று நோட்டுகளையும் நான் சர்க்கரை நோய்ப் பிரிவின் சிஸ்டரிடம் கொண்டு போய்க் காட்டினேன். குற்றம் சொல்லும் எண்ணத்தில் இல்லை, அவரும் ஒரு நாளைக்கு இருநூறு பேரைப் பார்க்கிறவர். அவர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அடுத்த திங்கட்கிழமை, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் சொந்தக் காசில் ஒரு முத்திரை செய்துகொண்டு வந்திருந்தார். 'கண் பார்த்த தேதி', அதற்குக் கீழே 'அடுத்து பார்க்க வேண்டிய தேதி'. இரண்டு வரி, இரண்டு கோடு. அன்றிலிருந்து நோட்டின் முதல் பக்கத்தில் ஊதா மையில் அது விழுகிறது. கோடு காலியாக இருந்தால் மாத்திரை கொடுப்பதற்கு முன் எங்கள் பக்கம் அனுப்புகிறார். நாங்களும் கேமராவை வாரத்தில் இரண்டு நாள், சாப்பிட்ட பின் இரத்தம் கொடுக்கக் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், அவர்கள் வராந்தாவுக்கே தள்ளிக்கொண்டு போகிறோம். அந்த இரண்டு மணி நேரம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்த நேரம். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் சென்று மாத்திரை கொடுக்கும் பெண்களில் எங்கள் பகுதியில் சிலரைப் பார்த்து, "கண் பார்த்தாச்சா?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லியிருக்கிறோம். கேட்கிறார்கள். அதனால் வருகிறவர்கள் உண்டு.

அந்த அம்மாவின் இடது கண்ணுக்கு மூன்று தவணையாக லேசர் வைத்தார்கள். முதல் தவணைக்கு முன்பே மருத்துவர் அம்மா அவரிடம், "பார்வை கூடாதும்மா. இருக்கிறது போகாம இருக்கத்தான் இது" என்று மூன்று முறை சொன்னார். வலது கண்ணில் அறுவை செய்தாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். கால் ஆறி, வார்டிலிருந்து போன பிறகும் அவர் தவணை தவறாமல் வந்தார். வரும்போதெல்லாம் தாமரை இலையில் பொதிந்து ஒரு முழம் மல்லிகை கொண்டு வந்து மேசையில் வைப்பார். சந்தையில் இப்போது பூவை வெளிச்சம் வந்த பிறகு வாங்குகிறாராம். விலை கொஞ்சம் கூட.

போன மாதம் அவரோடு இன்னொரு பெண்ணும் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேருந்து நிலைய வாசலில் பக்கத்துக் கூடைக்காரர். வேலை கெடுகிறது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"என்னம்மா, இவங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்டேன்.

"இவளுக்கும் சுகர் தம்பி, ஆறு வருசமா. கண்ணு நல்லாத் தெரியுதாம்" என்றார் அந்த அம்மா. "அதான் கூட்டியாந்தேன்."

அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, இடது கண்ணை மறைக்க அட்டையை எடுத்தேன். அதற்குள் அந்த அம்மா தன் கையையே கொண்டு போய் அவள் கண்ணின் மேல் வைத்து, "பலகையைப் படி" என்றார்.